லிசேயா, 'டேலண்ட் பேட்ச்'சா? நாலு வயசுப் பொண்ணுக்கு எதைப் பாத்து முடிவெடுக்கிறது?

லாஸ்பேட்டை அம்மா:

வணக்கம். பொண்ணு நவம்பர்ல பொறந்தவ, நாலு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. தமிழ் தடையில்லாம பேசுவா. நூறு வரைக்கும் எண்ணுவா, பஸ் நம்பர் படிப்பா, சீட்டுக்கட்டை வெச்சுக் கூட்டல் போடுவா. எங்க முன்னால ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, வர்ற செப்டம்பர்ல புதுச்சேரி பிரெஞ்சு லிசே, அதாவது பிரான்ஸ் பாடத்திட்டத்தைப் பிரெஞ்சுலயே நடத்துற பள்ளி. அதுல மழலையர் பிரிவுல கடைசி வருஷம். வீட்ல ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது. நாங்க பிரெஞ்சுப் படையில வேலை பாத்த சொல்தா குடும்பமும் இல்ல, பிரெஞ்சு குடியுரிமையும் இல்ல. இன்னொண்ணு பக்கத்துல ஒரு சிபிஎஸ்இ பள்ளி. ஒண்ணாங் கிளாஸ்லயே பிள்ளைங்களைப் பிரிச்சு 'டேலண்ட் பேட்ச்'னு தனி செக்‌ஷன் வெக்கிறாங்க. அபாகஸ், ஒலிம்பியாட், ரோபோட்டிக்ஸ் எல்லாம் அதுல வருமாம். ஐக்யூ டெஸ்ட் எடுத்து 130க்கு மேல இருந்தா கொண்டு வாங்கன்னாங்க.

எது நல்ல பள்ளின்னு கேக்கல. எதைப் பின்னால மாத்திக்கலாம், எதை மாத்த முடியாது, அதைத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பிரெஞ்சுல போட்டா தமிழ் எழுத்து என்ன ஆகும்?


வில்லியனூர் வாத்தியார்:

மேடம், கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மத்ததெல்லாம் அதுலதான் தொங்குது.

வீட்டுல பேசாத மொழியில முழுப் பாடமும் நடத்துற முறையை முறையா அளந்து பாத்தது கனடாவுல. 1965ல கியூபெக்ல சென் லாம்பேர்ங்கற ஊர்ல, இங்கிலீஷ் பேசுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு மழலையர் வகுப்புலேருந்தே பிரெஞ்சுல நடத்தினாங்க. வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கர்ங்கற ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் அந்தப் பிள்ளைங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து சோதிச்சாங்க. முதல்ல இங்கிலீஷ் எழுத்துல பின்தங்கினாங்க. பள்ளியில இங்கிலீஷ் பாடம் தொடங்கினதும் எட்டிப் பிடிச்சுட்டாங்க. கணக்குல நஷ்டம் இல்ல, பிரெஞ்சு லாபம்.

இந்தக் கதையில நம்ம ஊர்ல சொல்லாம விடுற பாதி ஒண்ணு இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து வீடு, கடை, டிவி, பள்ளின்னு எல்லா இடத்துலயும் காத்துக்கிட்டு இருந்தது. உங்க பொண்ணுக்குப் பேச்சுத் தமிழ் எங்கயும் போகாது, லாஸ்பேட்டையில இருந்துக்கிட்டு எப்படிப் போகும்? எழுத்துத் தமிழ்தான் சத்தமில்லாம நழுவும். பத்து வயசுல போஸ்டரைப் படிப்பா, பத்திரிகை படிக்க மாட்டா. லாம்பர்ட்டே இதைக் கூட்டல் இருமொழி, கழித்தல் இருமொழின்னு ரெண்டா பிரிச்சார்: வீட்டு மொழி நிலைச்சு புதுசும் சேந்தா கூட்டல், புதுசு வந்து பழசைத் தள்ளினா கழித்தல். எது நடக்கும்ங்கறதை லிசே முடிவு பண்ணாது, உங்க வீட்டு மேசை முடிவு பண்ணும்.

அதனால கணக்கு இதுதான்: தினம் 15 நிமிஷம், வாரம் அஞ்சு நாள், தமிழ் எழுத்து. அ ஆ இ ஈன்னு வரிசையா ஏத்த வேண்டாம். ட, ப, ம, யன்னு கோடு எளிசா இருக்குற எழுத்துல ஆரம்பிச்சு உடனே சொல்லா சேருங்க: படம், மடம், பட்டம். பிரெஞ்சை எழுத்தோட எழுத்து கோத்து எழுத ஆரம்பிக்கிற அதே மாசத்துல இதையும் தொடங்காதீங்க. கை குழம்பும். இப்பவே தொடங்கி செப்டம்பருக்குள்ள ஒரு நாப்பது ஐம்பது சொல் படிக்க வெச்சுட்டா நல்லது. லிசேயில தமிழ் எந்த வகுப்புலேருந்து, வாரம் எத்தனை மணி நேரம்னு கேட்டு எழுதி வாங்குங்க.

அடுத்தது காலம். இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்ன அளவுகோல் இன்னிக்கும் பொருந்துது: விளையாட்டுப் பேச்சு மொழி சுமார் ரெண்டு வருஷத்துல வந்துடும், பாடம் படிக்கிற மொழி அஞ்சுலேருந்து ஏழு வருஷம் பிடிக்கும். ரெண்டாவது வருஷம் பொண்ணு பிரெஞ்சுல சரளமா பேசுறதைப் பாத்துட்டு 'முடிஞ்சது'ன்னு நினைக்கிற இடத்துலதான் தப்பு நடக்குது. மூணு வருஷம் படிக்க வெச்சுட்டு வெளிய எடுத்தா பிரெஞ்சும் நிக்காது, இங்கிலீஷும் பின்னால இருக்கும். எட்டு வருஷம் இருப்போம்னு உறுதியில்லாதவங்க இதுக்குள்ள போகவே வேண்டாம்ங்கறது என் கருத்து.

வகுப்புல தமிழ்ப் பிள்ளைங்க எங்க தடுக்குவாங்கன்னு சொல்றேன். தமிழ்ல ப ஒரே எழுத்து, பல்லுக்கும் அதுதான், கம்பத்துக்கும் அதுதான். பிரெஞ்சுல அது ரெண்டு எழுத்து. டிக்தே, அதாவது சொல்வதை எழுதுற பயிற்சியில, ப, த, க வர்ற இடமெல்லாம் மாறி விழும். அதைக் 'கவனக்குறைவு'ன்னு திட்டாதீங்க, காது இன்னும் பிரிக்கல, அவ்வளவுதான். உதட்டைக் குவிச்சு 'இ' சொன்னா வர்ற ஒலி நம்மகிட்ட கிடையாது, அது 'உ'வாவோ 'இ'யாவோ போயிடும். மூக்கொலி மூணும் ஆரம்பத்துல ஒண்ணாவே கேக்கும்.

எண்கள் இன்னொரு வேடிக்கை. 70க்கு 'அறுபது-பத்து'ன்னு சொல்லணும், 80 'நாலு இருபது', 92ன்னா 'நாலு இருபது பன்னெண்டு'. தமிழ்ல நூறு வரைக்கும் எண்ணுற பொண்ணு அங்க 69க்கு அப்புறம் நின்னுட்டா பயப்படாதீங்க, கணக்கு போகல, பேர்தான் மாறுது. 3.5ங்கறதை 3,5ன்னு காற்புள்ளி போட்டு எழுதுவாங்க. லட்சத்தை 100 000ன்னு இடம் விட்டு எழுதுவாங்க. வகுத்தல்ல வகுக்கிற எண் வலது பக்கம் மேல வரும், ஈவு அதுக்குக் கீழ. தாத்தா நம்ம முறையில சொல்லிக் கொடுத்தா அங்க தப்பாகும். வீட்ல கணக்குச் சொல்லித் தர்றவர் யாரா இருந்தாலும் முதல்ல அவ நோட்டைப் பாக்கட்டும்.

நோட்டும் வேற. செயேஸ்னு பேரு: 8 மி.மீ. கட்டம், உள்ள 2 மி.மீ. இடைவெளியில மெல்லிய கோடு. சின்ன எழுத்து ஒரு இடைவெளி, t, d ரெண்டு, l, b, h மூணு. நம்ம நாலு கோடு நோட்டுல பழகின கை அதுல தடுமாறும். இப்பவே நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து இங்கிலீஷ் எழுத்து எழுத வெக்காதீங்க. அது ரெட்டை வேலை.


உப்பளம் சைக்காலஜி:

வாத்தியார் மொழியைச் சொல்லிட்டார், நான் அந்த 130ஐப் பாக்கிறேன்.

ஐக்யூ சராசரி 100. 130ஐத் தாண்டுறவங்க நூத்துக்கு ரெண்டு பேர். நாப்பது பேர் உக்கார்ற ஒரு செக்‌ஷனை நிஜமாவே 130க்கு மேல உள்ள பிள்ளைங்களால நிரப்பணும்னா ரெண்டாயிரம் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்களைச் சலிக்கணும். அந்தப் பள்ளியில ஒண்ணாம் வகுப்புல எத்தனை பேர்னு கேளுங்க, மீதி தானா புரியும்.

எந்த டெஸ்ட்டுங்கறதும் முக்கியம். நம்ம ஊர்ல அதிகம் பயன்படுற மாலின் அளவுகோலும் வெக்ஸ்லர் சிறுவர் அளவுகோலும் 6 வயசுலேருந்துதான். உங்க பொண்ணுக்கு இன்னும் வயசு வரல. பினே-காமத் சின்ன வயசுக்கும் போடலாம், ஆனா அதோட ஒப்பீட்டு அளவு அரை நூற்றாண்டுக்கு முந்தினது. பழைய அளவுல இன்னிக்குப் பிள்ளையை நிறுத்தினா மார்க் ஏறித்தான் தெரியும், இதுக்கு ஃபிளின் விளைவுன்னு பேரு. 5 வயசுலேருந்து போடக்கூடியது ரேவனோட வண்ணப் படத் தேர்வு: 36 படம், மூணு தொகுதி, விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கணும், மொழியே வேண்டாம். தமிழ் மட்டும் பேசுற குழந்தைக்கு அது நியாயமானது. எதுவா இருந்தாலும் எண் அஞ்சாறு புள்ளி முன்னப்பின்ன ஆடும். இந்த வயசு எண்ணை எட்டு வயசுல திரும்ப எடுத்தா பல பிள்ளைங்களுக்கு வேற எண் வரும். ஒரு காலைப்பொழுது சளியும் தூக்கமும் கூட 130ஐ 122 ஆக்கிடும்.

இன்னொரு ஓட்டை, பிறந்த மாசம். ஒரே வகுப்புல ஏப்ரல்ல பொறந்த பிள்ளைக்கும் அடுத்த மார்ச்ல பொறந்த பிள்ளைக்கும் 11 மாசம் வித்தியாசம். அஞ்சு வயசுல அது வாழ்ந்த காலத்துல அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் கம்மி. 'டேலண்ட்'னு பொறுக்கி எடுக்கிற வரிசையில பல பேர் வெறும் மூத்த பிள்ளைங்களா இருக்கலாம்.

சட்டத்தையும் சொல்லிடறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாதுங்குது. முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரைக்கும், அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரைக்கும் அபராதம். 'சேர்க்கைக்கு இல்லீங்க, செக்‌ஷன் பிரிக்கத்தான்'னு பதில் வரும். அப்ப ரெண்டு கேள்வி கேளுங்க. எண் வரலன்னா சாதாரணக் கட்டணத்துல சீட் உண்டா? வருஷா வருஷம் செக்‌ஷனுக்குள்ள ஏறவும் இறங்கவும் வழி இருக்கா? ரெண்டாவதுக்கு 'இறங்கினதே இல்ல'ன்னு பெருமையா சொன்னாங்கன்னா அது திறமைக்கான வகுப்பு இல்ல, தனிக் கட்டண வகுப்பு.

உள்ள என்ன நடக்குதுங்கறதுக்கு ஒரே சோதனை. அபாகஸ்ல மேல் மணி அஞ்சு, கீழ் மணி நாலும் ஒவ்வொண்ணு. 7 போட மேல ஒண்ணு, கீழ ரெண்டு. அது கைவேகம், மனக்கணக்கு. தப்பில்ல, ஆனா சிந்தனை வேற. '5, 2, 1 ரூபாய் நாணயத்தை வெச்சு 10 ரூபாயை எத்தனை விதமா கொடுக்கலாம்?' விடை 10. இந்த மாதிரி ஒரு கேள்வியை வகுப்புல விட்டுட்டு டீச்சர் இருபது நிமிஷம் பேசாம இருப்பாங்களான்னு பாருங்க. இல்ல, அடுத்த வருஷப் புத்தகத்தை இந்த வருஷமே முடிக்கிறாங்களா? ரெண்டாவதுன்னா பொண்ணு ரெண்டாங் கிளாஸ்ல சலிச்சுப்போய் உக்காருவா, அவ்வளவுதான்.


மஞ்சக்குப்பம்:

கடலூர்க்காரங்களும் இதைப் படிப்பாங்கன்னு நாலு வரி. எங்க பக்கத்துக்கு விதி வேற. 2006 தமிழ் கற்றல் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம், தமிழ் கட்டாயப் பாடம். எல்லை தாண்டி கன்னியக்கோயில் அந்தப் பக்கம் போனா அது செல்லாது. ஆக புதுச்சேரி சிபிஎஸ்இ பள்ளியில ரெண்டாம் மொழி தமிழா, எந்த வகுப்பு வரைக்கும்னு தனியா கேட்டே ஆகணும். டேலண்ட் பேட்ச்ல அந்தப் பீரியடைத்தான் முதல்ல வெட்டுவாங்க.

ஆறாம் வகுப்புல சேக்கிற மத்திய அரசு உறைவிடப் பள்ளியான நவோதயா நினைப்புல இருக்கிறவங்களுக்கு: தமிழ்நாட்டுல நவோதயா கிடையாது. காலாப்பட்டுல இருக்கு, ஆனா அதுக்கு அஞ்சாம் வகுப்பு அந்த மாவட்டத்துலயே படிச்சிருக்கணும். கடலூர்ல படிச்சுட்டு எழுத முடியாது. தேர்வு 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மார்க். அதுல 40 கேள்வி மனத்திறன், 20 கணக்கு, 20 மொழி. ஒரே தடவைதான். குறைஞ்சது 75 சதவீதம் இடம் கிராமப்புறத்துக்கு, அதுக்கு 3, 4, 5 மூணு வகுப்பும் கிராமப் பள்ளியில இருக்கணும். லாஸ்பேட்டையிலிருந்து போனா மிச்ச இடத்துக்குத்தான் போட்டி.

கடலூர்லேருந்து லிசேவுக்குத் தினம் வேன்ல அனுப்பலாமான்னு கேக்கிறவங்களுக்கு ஒரு பதில்: இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனா அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலைச் சேத்தா சின்னப் பிள்ளைக்குத் தினம் ரெண்டு மணி நேரம் வேன்ல போகும். தமிழ் படிக்க வெச்சிருந்த 15 நிமிஷம் அங்கதான் காணாமப் போகும்.


பாக் கணக்கு:

மாத்த முடியுமா முடியாதான்னு கேட்டீங்க. லிசேயிலேருந்து மாத்துறதுக்கு நல்ல இடம் அஞ்சாம் வகுப்பு முடிவு. அதுக்கு மேல ஏறினா ஒவ்வொரு வருஷமும் விலை கூடும். அங்கேருந்து வெளிய வர்ற பிள்ளைக்கு ஒரே வருஷத்துல மூணு வேலை: இங்கிலீஷ்ல அறிவியல் சொற்கள், ரெண்டாம் மொழித் தாள், இந்தியச் சரித்திரம் புவியியல்.

கடைசி வரைக்கும் இருந்தா பாக்கலோரியா, சுருக்கமா பாக், அதாவது பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வு. 2021லேருந்து புது முறை: பதினொண்ணுக்குச் சமமான வகுப்புல மூணு சிறப்புப் பாடம், கடைசி வருஷம் அதுல ரெண்டு. நீட் எண்ணம் இருந்தா கடைசி ரெண்டும் இயற்பியல்-வேதியியல், உயிர்-புவி அறிவியல். ஜேஇஇன்னா கணக்கும் இயற்பியல்-வேதியியலும். பதினாறு வயசுல கணக்கை விட்டுட்டா பின்னால ஜேஇஇ கதவு சாத்தினதுதான். இங்க கல்லூரியில சேர பாக் நம்ம பன்னெண்டாம் வகுப்புக்குச் சமம்னு சான்றிதழ் தேவைப்படுமான்னு கேட்டு வெச்சுக்கணும். நீட் 13 மொழியில நடக்குது, தமிழ் உண்டு, பிரெஞ்சு இல்ல. கேள்வியும் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டிக் கொள்குறி வகையில வரும். பாக் எழுதின பிள்ளை விளக்கி எழுதிப் பழகினது. ஒரு வருஷமாவது தனியா உழைக்கணும்.

பணம்: வருமானம் பாத்துத் தூதரகம் வழியா தர்ற உதவித்தொகை பிரெஞ்சு குடியுரிமை உள்ள பிள்ளைக்கு மட்டும். உங்களுக்கு முழுக் கட்டணம். முதல் வருஷக் கட்டணத்தைப் பாக்காதீங்க, பதிமூணு வருஷத்தைப் போட்டுப் பாருங்க.


லாஸ்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டாயிரத்தைச் சலிக்கிற கணக்கைப் படிச்சதும் வீட்டுக்காரர் டெஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ணச் சொல்லிட்டார். இன்னும் ரெண்டு சந்தேகம். லிசே இல்லாம பிரெஞ்சு படிக்க வழி உண்டா? நவம்பர் பிறந்தநாள் எங்கயாவது இடிக்குமா?


வில்லியனூர் வாத்தியார்:

உண்டு. அலியான்ஸ் பிரான்சேஸ்ங்கற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையத்துல பிள்ளைங்களுக்கு வகுப்பு இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கான டெல்ஃப் பிரிம் தேர்வு ஏ1.1, ஏ1, ஏ2ன்னு மூணு படி. வாரம் ரெண்டு மூணு மணி நேரம்னா பேச்சும் எளிய வாசிப்பும் வரும், அறிவியலைப் பிரெஞ்சுல யோசிக்கிற அளவு வராது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. 1943ல தொடங்கின அரவிந்தர் ஆசிரமக் கல்வி மையத்துல கணக்கும் அறிவியலும் பிரெஞ்சுல, மத்தது இங்கிலீஷ்ல. ஆனா அவங்க பட்டம் சான்றிதழ் எதுவும் தர்றதில்ல, அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்கணும்.

மொழி சின்ன வயசுல சுலபம், கணக்குத் திறமைக்கு வயசு காத்திருக்கும். நிஜ கணித ஒலிம்பியாடுக்கு முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம் எட்டாம் வகுப்புலேருந்துதான். ஒண்ணாங் கிளாஸ் 'ஐஎம்ஓ'ன்னு விக்கிறது தனியார் தேர்வு, சர்வதேசக் கணித ஒலிம்பியாடோட சுருக்கப் பேரு மட்டும் ஒத்துப்போகும். அதுக்கு முன்னால வேணும்னா சென்னையில இருக்கிற இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தோட திறனறிப் போட்டி, அஞ்சு ஆறாம் வகுப்புக்கு 'காஸ்'னு ஒரு நிலை உண்டு. வீட்டுக்குப் புதுவை அறிவியல் இயக்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேந்து போடுற 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழை வரவழைங்க. இப்ப நீங்க படிச்சுக் காட்டுங்க, ஏழெட்டு வயசுல அவளே பிடுங்கிப் படிப்பா. தமிழுக்கும் ஆச்சு, அறிவியலுக்கும் ஆச்சு.

என் ஓட்டு: பணமும் எட்டு வருஷ உறுதியும் இருந்தா லிசே, கூடவே அந்த 15 நிமிஷம். ரெண்டுல ஒண்ணு இல்லன்னா நடந்து போற தூரத்துல ஒரு சாதாரண செக்‌ஷன், தமிழ் ரெண்டாம் மொழி, சாயங்காலம் அலியான்ஸ். டேலண்ட் பேட்ச் எனக்கு மூணாவதுதான்.


உப்பளம் சைக்காலஜி:

வாத்தியார் ஓட்டுல பாதி ஒத்துக்கிறேன். லிசேயில போட்டா முதல் சில மாசம் வகுப்புல வாயே திறக்காம இருப்பா, அது வழக்கம்தான். கவலைப்பட வேண்டிய அடையாளம் வேற: வீட்ல தமிழ்லயும் கதையை வரிசையா சொல்லத் திணறுனா, கூப்பிட்டா திரும்பலன்னா, மொழியைக் குத்தம் சொல்லாம முதல்ல காதைச் சோதிங்க. வீட்ல யாரும் அரைகுறைப் பிரெஞ்சு பேச வேண்டாம். நல்ல தமிழ்ல நிறைய பேசுங்க, அதுதான் அவளுக்கு அங்கயும் கைகொடுக்கும். பிரான்ஸ்ல 1956லேருந்தே தொடக்கப்பள்ளிக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாதுன்னு விதி. படிக்கவும் கவிதை மனப்பாடம் பண்ணவும்தான் தருவாங்க. அவ வாசிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து கேட்டா போதும், உங்களுக்குப் புரியணும்னு இல்ல.

நவம்பர் விஷயம்: பிரெஞ்சு முறையில வயசுக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும். ஆறு வயசு முடியுற ஆண்டோட செப்டம்பர்ல ஒண்ணாம் வகுப்பு. ஆக உங்க பொண்ணு 5 வயசு 10 மாசத்துல போவா, வகுப்புலயே இளைய பிள்ளைகள்ல ஒருத்தியா. கேந்திரிய வித்யாலயா மாதிரி மார்ச் 31ல ஆறு முடிஞ்சிருக்கணும்னு பாக்கிற இடத்துல 6 வயசு 5 மாசத்துல போவா, அங்க வயசுல ஏறக்குறைய நடுவுல இருப்பா. ஏழு மாசம் வித்தியாசம். லிசேயில முதல் ரெண்டு வருஷம் அவ கையெழுத்தை ஜனவரியில பொறந்த பிள்ளையோட நோட்டு பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்க.